ஸ்டோர் சுவரில் ஒட்டிய காகிதம்

ஏஐயை வைத்து மாணவர்களுக்குத் தொழில்நுட்ப எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், உங்கள் பாடத்திட்டத்தை அனுப்புங்கள் என்று ஆசிரியர்கள் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து கேட்டிருக்கிறீர்கள். பாடத்திட்டமா? அதை அந்த ஏஐயிடமே கேட்டால் ஒரு நிமிடத்தில் அழகாக எழுதிக் கொடுத்துவிடும். என்னைவிட நன்றாகவே எழுதும். என்னிடம் இருப்பது ஒரு திங்கட்கிழமைக் கதை. அதைச் சொல்கிறேன். சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும், ஓய்வு பெற்றாயிற்று, இனி யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதிக்காரி. நிலக்கடலையும் தென்னையும் இருந்த வீடு. கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கையேடு எழுதும் வேலை பார்த்துவிட்டு, பிறகு வாத்தியார் வேலைக்கு வந்தேன். கடைசி ஐந்து வருடம் இடுக்கி மலையில் ஒரு பாலிடெக்னிக்கில். எந்த இயந்திரத்தையும் அதைத் தொட்டே பார்க்காத ஒருவர் படித்து இயக்கும்படி எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. கோபம் கொஞ்சம் அதிகம். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் எனக்குத் தெரியும், இங்கே சொல்ல மாட்டேன்.

ஏஐ வந்த புதிதில் நானும் மற்ற ஆசிரியர்கள் பலரைப் போல 'தொடக் கூடாது' என்று சட்டம் போட்டேன். சட்டம் ஒரு வாரம் நின்றது. அடுத்த வாரம் ஒருவன் கொடுத்த கிரைண்டர் கையேடு, 'நிச்சயமாக! நீங்கள் கேட்ட கையேடு இதோ' என்று ஆரம்பித்தது. அதைக்கூட அழிக்காமல் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தான் மகராசன். திட்ட வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. சரி, திருட்டுத்தனமாகச் செய்வதை நேராகச் செய்யட்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். எப்படிக் கேட்க வேண்டும், யாருக்காக எழுதச் சொல்ல வேண்டும், வந்ததை எப்படித் திருத்த வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

கூடவே ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தேன். பம்ப் கம்பெனியில் ஒவ்வொரு கையேட்டின் அடியிலும் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அது வாசலைத் தாண்டும். அதையே இங்கேயும் வைத்தேன். ஏஐ எழுதலாம், மாணவர் திருத்தலாம், கடைசியில் அந்தக் கோட்டின் மேல் என் கையெழுத்து விழ வேண்டும். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

அந்த வருடம் கார்த்திகா என்றொரு பெண் மூன்றாம் ஆண்டு படித்தாள். சாந்தன்பாறைப் பக்கம் வீடு. அப்பா ஏலக்காய் ஸ்டோர் பார்க்கிறவர். பச்சை ஏலக்காயை அடுப்பு மூட்டி உலர்த்துகிற கட்டடத்தை இங்கே எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். உலர்த்தும் அறைக்கு வெளியே இருந்து விறகு போடும் அடுப்பு, காய் பரப்பிய தட்டுகளுக்கு அடியில் ஓடும் இரும்புக்குழாய், பின்சுவர் வழியே வெளியேறும் புகைக்குழாய், அவ்வளவுதான். அவருக்குக் கண்ணில் புரை வளர்ந்து தேனிக்கு ஆபரேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் திரும்பி வரும்வரை ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் கார்த்திகாவின் அம்மா முத்துலட்சுமி. காய் பறிக்கிற வேலையில் இருபது வருடம் இருந்தவர். அடுப்புப் பக்கம் மட்டும் போனதில்லை. அம்மா படித்துப் பார்த்துச் செய்கிற மாதிரி சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதுகிறேன், அதையே என் புராஜெக்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கார்த்திகா கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படிக் கேட்கிற பிள்ளை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும், சொல்லுங்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. கார்த்திகா வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அம்மாவுக்கோ தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அதனால் அவள் இங்கிலீஷில் கேட்டு, ஏஐயிடம் தமிழில் வாங்கிக்கொண்டாள். ஸ்டோர் முதலாளி விறகு அதிகம் ஆகிறதென்று எப்போதும் புலம்புகிறவர், அதனால் விறகு மிச்சம் பிடிக்கும் வழியையும் சேர்க்கச் சொல்லியிருந்தாள். வந்த தாளைப் பார்த்தேன். பத்துப் படிகள். என்ன அழகான தமிழ்! ஒற்றுப்பிழை கிடையாது, வாக்கியம் ஒன்றும் நீளம் கிடையாது. என் மாணவர்கள் இப்படி எழுத மாட்டார்களா என்று வருடக்கணக்காக நான் ஏங்கிய தமிழ். ஏழாவது படி இப்படி இருந்தது:

'விறகு எரிந்து கனலாகி, புகை நின்றதும், புகைக்குழாயின் மூடியை அடைத்து, அறைக்கதவையும் சாத்தி வெப்பத்தைத் தக்கவைக்கவும்.'

அந்தப் படியின் பக்கத்தில் சிவப்பு மையில் 'விறகு மிச்சம், நன்று' என்று எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். அடியில் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டு, பெயரும் பதவியும் எழுதி, கல்லூரி முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அந்த ஸ்டோரை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மழை. போனில் கார்த்திகா ஒரு படம் அனுப்பியிருந்தாள். கீழே, 'டீச்சர், நேத்து ஊருக்குப் போயி பேப்பர ஒட்டிட்டு வந்துட்டேன், அப்ப எடுத்த போட்டோ இது. அப்பா இன்னைக்குக் காலையில தேனிக்குப் போயாச்சு. அம்மாதான் ஸ்டோர் பாக்குறாங்க. ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்' என்று குரலில் ஒரு செய்தி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் நம் தாள் பளிச்சென்று இருந்தது. அதன் கீழே ஒரு முக்காலியில் முத்துலட்சுமி வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே கயிற்றில் நனைந்த துணிகள் காய்ந்தன. ஒரு ஓரத்தில் தூக்குவாளி, மடித்த கம்பளி. பின்னால் கதவு சாத்தியிருந்தது, சாரல் வராமலிருக்க அடியில் சாக்கு சொருகியிருந்தது. முன்னால் அடுப்பின் வாய் சிவப்பாகத் தெரிந்தது.

சோற்றைத் தள்ளி வைத்தேன். அடுப்பு வாய் திறப்பது ஒரு சின்ன அறைக்குள். மழைக்காலத்தில் விறகு நனையாமலிருக்கக் கட்டிய அறை. குளிருக்கு இதமாக ஸ்டோர் பார்க்கிறவர் நாள் முழுக்க அதற்குள்ளேதான் இருப்பார், சாப்பிடுவார், கண் அயர்வார். மலையில் எல்லா ஸ்டோரிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் தாளோ அந்த அறையில் ஆளே இல்லாத மாதிரி எழுதியிருந்தது. கனல் கனன்றுகொண்டிருக்கும்போது புகைபோகும் வழியை அடைத்து, கதவையும் சாத்தினால் என்ன ஆகும்? கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது, அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது மணமும் கிடையாது என்று பாதுகாப்பு வகுப்பில் நானே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அதே வாயுவுக்குத்தான் 'நன்று' போட்டிருக்கிறேன்.

கையைக்கூடக் கழுவாமல் வகுப்பறைக்கு ஓடினேன். வராந்தாவில் கார்த்திகாவை நிறுத்தி, "அம்மாவுக்குப் போன் போடு கண்ணு, உடனே" என்றேன். போட்டாள். கூப்பிட்டவர் எட்டாத இடத்தில் இருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே குரல்.

"என்ன டீச்சர்? என்ன ஆச்சு?"

ஒரு நொடி யோசித்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். பிள்ளை பயந்துவிடுவாளே என்ற நினைப்பும் இருந்தது. ஆனால் அங்கே யாருக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் மறைத்தால் எனக்கு வழியே கிடையாது. "ஏழாவது படி தப்பு. அது மாதிரி செஞ்சா உங்க அம்மாவுக்கு மூச்சு முட்டும். தப்பு என்னுது, உன்னுது இல்ல. அப்புறம் அழலாம், இப்ப அங்க பக்கத்துல யாருக்குப் போன் எடுக்கும்னு சொல்லு."

அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் கெட்டிக்காரி. ஸ்டோரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரோட்டோரம் ஒரு டீக்கடை உண்டு, அங்கே டவர் கிடைக்கும் என்றாள். அதற்குள் கல்லூரி வாசலில் நிற்கும் பாபுவின் ஜீப்பைக் கூப்பிட்டு இருவரும் ஏறியிருந்தோம். "மழையில வழி மோசமாணு டீச்சரே, மெல்லப் போகலாம் கேட்டோ" என்று மலையாளம் கலந்து இழுத்தார் பாபு. "நீங்க மொதல்ல எடுங்க பாபு!" என்று நான் போட்ட சத்தத்தில் வண்டி குலுங்கிக்கொண்டு கிளம்பியது.

டீக்கடைக்காரர் எடுத்தார். கார்த்திகா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, அம்மாவப் பாத்தீங்களா?"

"இப்பத்தான வந்துட்டுப் போச்சு! ஏணி கேட்டு வந்துச்சு."

"ஏணியா?" என்று நான் குறுக்கே புகுந்தேன். "ஏணி எதுக்குங்க?"

"புகைக்குழாய்ல சாக்கு அடைக்கணுமாம்ல. பேப்பர்ல போட்டிருக்காம்."

"குடுத்துட்டீங்களா?"

பதிலுக்குப் பதிலாகக் கரகரவென்று ஒரு சத்தம், அதோடு லைன் போய்விட்டது. மலையில் வளைவு ஒன்று திரும்பினால் டவர் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று அத்தனை வளைவும் எனக்கென்றே வைத்த மாதிரி இருந்தது. கார்த்திகா போட்டுக்கொண்டே இருந்தாள், விழவே இல்லை.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பாதி வழியில் அவள், "அம்மாக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டீச்சர்?" என்று கேட்டாள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. அன்று, "தெரியல கண்ணு" என்று மட்டும்தான் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தப்புச் செய்தவள் கையை அவள் பிடித்துக்கொண்டது எனக்கு இன்னும் கூசுகிறது.

ஸ்டோர் முன்னால் ஜீப் நின்றதும் கார்த்திகா குதித்து ஓடினாள். நானும் சேற்றில் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. அவள் இரண்டு கையாலும் தள்ளினாள். திறந்தது.

முத்துலட்சுமி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் விழித்து உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு வாளி, அதற்குள் நனைத்து மடித்து வைத்த சாக்கு. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"வாங்க டீச்சர்! பாக்க வந்திருக்கீங்களா? ஆறாவது வரைக்கும் அப்பிடியே செஞ்சிட்டேன். ஏணிய பைப்பு மாத்துற ஆளு வாங்கிட்டுப் போயிட்டானாம், நாலு மணிக்குத்தான் வருமாம். அதான் ஏழாவது இன்னும் செய்யல. கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர்!"

நான் சோதனைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கார்த்திகா அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "ஏய், என்னட்டி ஆச்சு? அப்பாவுக்கு ஏதும் ஆயிருச்சா?" என்று அவர் பயந்து கேட்க, இவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் அந்த வாளியைத் தூக்கி வெளியே கொட்டினேன். கதவை விரியத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்தேன். பிறகு சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். அதுவரை என் வாழ்க்கையில் ஒரு கையேட்டைக் கிழித்ததில்லை, அவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாது.

விஷயத்தைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "நானும் மூடிய தேடித் தேடிப் பாத்தேன் டீச்சர். பின்னால போயி குழாயச் சுத்திச் சுத்திப் பாத்தேன். மூடின்னு ஒண்ணு அதுல இருந்தால்ல!" என்றார். போய்ப் பார்த்தோம். உண்மைதான். வெறும் குழாய். அந்தக் கட்டடத்தில் இல்லாத ஒரு மூடியை ஏஐ எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறது. கார்த்திகா தன் அப்பா வேலை பார்க்கும் இடம்தானே என்று அவரிடம் படித்துக்கூடக் காட்டாமல் விட்டிருக்கிறாள். நான் தமிழைப் பார்த்துச் சொக்கிப்போய் விட்டிருக்கிறேன். இவர் மட்டும்தான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பொருளைத் தேடியிருக்கிறார். இல்லாத மூடிக்குப் பதிலாகத்தான் ஈரச்சாக்கு. ஏணியை வாங்கிப் போன அந்தப் பைப்புக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பிறகு முத்துலட்சுமி டீக்கடையிலிருந்து பால் இல்லாத கட்டஞ்சாயா வாங்கி வந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடியே மூன்று பேரும் குடித்தோம். பாபு வாசலில் நின்று, "ஞான் பயந்து போயி டீச்சரே" என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. காரணமே இல்லாமல் சிரித்தோம். அப்படி ஒரு சிரிப்பு எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

உட்கார்ந்தது உட்கார்ந்தாயிற்று என்று, கிழித்த தாளின் பின்பக்கத்தில் கார்த்திகாவை எழுதச் சொன்னேன். மலையாள எழுத்தில் எழுதினாலும் சரி என்றேன். அம்மா காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாக நடந்து காட்டினார், இவள் எழுதினாள். எங்கே உட்கார்வார், எப்போது கதவைத் திறப்பார், எதைத் தொட்டால் சுடும், எல்லாம். மறுநாள் வகுப்பில் அதை எல்லோர் முன்னாலும் ஏஐயிடம் கொடுத்தோம். இந்த முறை, 'எழுதாதே, எழுதுவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியதை எங்களிடம் கேள்' என்று சொல்லச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்டது. அதில் ஒன்று: அடுப்பு எரியும்போது அந்த அறையில் யாராவது இருப்பார்களா?

நாங்கள் அதை வாயைத் திறக்க விட்டிருந்தால் முதல் தடவையே கேட்டிருக்கும் போல. அன்றிலிருந்து அதன்மேல் எனக்கு இருந்த கோபமும் போயிற்று, மயக்கமும் போயிற்று. புதுத் தாளை எடுத்துக்கொண்டு அந்த வாரமே மறுபடி ஸ்டோருக்குப் போனோம். கார்த்திகா படிக்கப் படிக்க, அவள் அம்மா செய்து பார்த்தார். நான் ஓரமாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான்கு இடத்தில் நிறுத்தி மாற்றச் சொன்னார். கதவை எப்போதும் திறந்தே வைக்க வேண்டும், புகைக்குழாயை எதற்காகவும் அடைக்கக் கூடாது என்ற இரண்டும் முதல் படிக்கும் மேலே, பெரிய எழுத்தில் ஏறின. அவருடைய கணவரும் தேனியிலிருந்து போனில் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் தாள் சுவருக்குப் போனது. நீங்கள் கேட்ட பாடத்திட்டம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். கேள்வி கேட்க விடுங்கள், இடத்துக்குப் போங்கள், செய்கிறவர் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டேன். வேண்டுமென்றேதான் தாண்டினேன். அந்தத் திங்கட்கிழமை கார்த்திகாவை அம்மாவோடு விட்டுவிட்டுக் கிளம்பும்போது, ஜீப்புக்குப் பக்கத்தில் வைத்து முத்துலட்சுமியிடம் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, புகை போற வழிய அடைச்சா மூச்சு முட்டுமேன்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

"தோணாம என்ன டீச்சர்?" என்றார். "வீட்டுல அடுப்பு ஊதுறவளுக்கு அது தெரியாதா? தோணுச்சு. ரெண்டு தடவ சாக்கக் கீழ வச்சேன். அப்புறம் பாத்தா, படிச்ச டீச்சரு கையெழுத்து கீழ இருந்துச்சு. நமக்கு என்ன தெரியும்னு மறுபடி எடுத்து நனைச்சேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, வழியில் தின்னுங்கள் என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் கையில் வைத்தார்.

ஜீப் முதல் வளைவு திரும்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பாபு வண்டியை ஓரம் கட்டி, "எந்தா டீச்சரே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தானே இருக்காங்க?" என்றார்.

"ஆமாங்க பாபு, நல்லாத்தான் இருக்காங்க," என்றேன். "அதுக்குத்தான் அழறேன். நீங்க வண்டிய எடுங்க."